நாளைக்கு ஆபரேஷன்

பித்தப்பையில் கல் இருப்பது ஸ்கேனில் தெரிந்த பிறகும் என் பெரியம்மா நாலு மாதம் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டார். ஆடி போகட்டும், பேத்திக்குக் காலாண்டுப் பரீட்சை முடியட்டும், தீபாவளி கழியட்டும் என்று காரணம் மாறிக்கொண்டே வந்தது. பயப்படுகிறார் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. "ஒண்ணும் ஆகாது, தைரியமா இரு" என்று ஆளுக்கொரு தடவை சொன்னோம். நானும்தான் சொன்னேன். கடைசியில் மருத்துவமனையில் சேர்த்த அன்று சாயங்காலம், பிரஷர் பார்க்க வந்த நர்ஸ் கேட்டார்: "எதை நினைச்சும்மா பயமா இருக்கு?"

பெரியம்மா கழுத்தில் கை வைத்துக்கொண்டார். "தாலியக் கழட்டச் சொல்லுவீங்களாம்மா?"

நாலு மாதமும் அவரை அரித்தது அதுதான். நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினார். ரத்தக் கசிவை அடைக்க மின்சாரத்தால் சுடும் கருவியைப் பயன்படுத்துவார்கள். அந்த மின்சாரம் தொடையில் ஒட்டிய தகடு வழியாக வெளியேற வேண்டும். உடம்பில் நகை கிடந்தால், அது படும் இடத்தில் தோல் வெந்துவிட வாய்ப்புண்டு. "தங்கம் வேண்டாம். மஞ்சக் கயித்துல மஞ்சத் துண்டு கட்டிப் போட்டுக்குங்க, யாரும் கழட்ட மாட்டாங்க." பெரியப்பா அந்த நேரத்துக்கே கடைக்கு ஓடினார். அன்றிரவு பெரியம்மா தூங்கினார்.

அறுவை சிகிச்சை பயம் என்று ஒரே பெயரில் சொன்னாலும், ஆளுக்கு ஆள் அது வேறு. ஒருவருக்குக் கத்தி, ஒருவருக்கு ஊசி, இன்னொருவருக்கு மயக்கம் தெளியாமலே போய்விடுமோ என்ற கவலை. எது என்று தெரியாமல் சொல்லும் ஆறுதல் எங்கேயும் ஒட்டாது.

பயந்துவிடுவார்களே என்று மறைப்பது பழைய வழக்கம். ஆங்கில நாவலாசிரியை ஃபேனி பர்னிக்கு 1811இல் பாரிஸில் மார்பக அறுவை நடந்தது. மயக்க மருந்து இல்லாத காலம். முன்கூட்டித் தெரிந்தால் கலங்குவார் என்று, எந்த நாள் என்பதைச் சில மணி நேரத்துக்கு முன்புதான் அவருக்குச் சொன்னார்கள். கருப்பு உடை அணிந்த ஏழு ஆண்கள் அறைக்குள் நுழைந்ததை, அக்காவுக்கு எழுதிய கடிதத்தில் அவர் விவரிக்கிறார். அந்தக் கடிதத்தை எழுதி முடிக்கவே மாதக்கணக்கில் ஆயிற்று.

வலியைப் போக்கும் வழி 1846 அக்டோபர் 16 அன்று உலகுக்குத் தெரிந்தது. பாஸ்டனில் மசாசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், பல் மருத்துவர் வில்லியம் மார்ட்டன் ஈதர் ஆவியை முகரவைக்க, ஜான் வாரன் என்ற அறுவை மருத்துவர் நோயாளியின் கழுத்துக் கட்டியை அறுத்தார். அதே மருத்துவமனையில் இன்னொரு சோதனையும் நடந்தது. 1964இல் முடிவு வெளியான அந்தச் சோதனை நம்மில் பலருக்குத் தெரியாது. ஈதருக்குக் குறையாத மதிப்பை நான் அதற்குக் கொடுப்பேன்.

லாரன்ஸ் எக்பர்ட் என்ற மயக்கவியல் மருத்துவரும் அவருடைய சகாக்களும் வயிற்றில் அறுவை செய்துகொள்ளவிருந்த 97 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவினரிடம் முதல் நாள் இரவே போய் உட்கார்ந்து பேசினார்கள். எங்கே வலிக்கும், எவ்வளவு வலிக்கும், எத்தனை நாள் இருக்கும், காயத்தைச் சுற்றியுள்ள தசை இறுகுவதால்தான் அந்த வலி, அதை எப்படித் தளர்த்துவது, கட்டிலில் எப்படிப் புரளுவது என்று எல்லாவற்றையும் சொன்னார்கள். மற்றக் குழுவிடம் வலியைப் பற்றி எதுவும் பேசவில்லை. யார் எந்தக் குழு என்று அறுவை மருத்துவர்களுக்குத் தெரியாது. விளைவு: விவரம் தெரிந்தவர்களுக்கு வலி மருந்து ஏறக்குறைய பாதியே தேவைப்பட்டது. சராசரியாக 2.7 நாள் முன்னதாகவே அவர்களை வீட்டுக்கு அனுப்பலாம் என்று மருத்துவர்கள் முடிவு செய்தார்கள்.

காரணம் தெரியாத வலியை உடம்பு ஆபத்து என்றே எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின் சுரக்கிறது, தசை இறுகுகிறது, இறுகிய தசை இன்னும் வலிக்கிறது. "இது தையல் போட்ட இடம், மூணு நாள் இப்படித்தான் இருக்கும்" என்று முன்பே தெரிந்தவரிடம் அந்தச் சுழல் அவ்வளவு வேகம் பிடிப்பதில்லை. நம் வீடுகளில் "சொன்னா பயந்துருவாங்க" என்று பெரியவர்களிடம் மறைக்கிறோம். அன்பினால்தான் செய்கிறோம், ஆனாலும் அது தவறு என்றே நினைக்கிறேன். எல்லோருக்கும் எல்லா விவரமும் வேண்டியிருக்காது. எவ்வளவு தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவரையே கேட்டுவிடலாம்.

மயக்க மருந்து பற்றிய பயத்துக்கும் பதில் உண்டு. கொரோனா காலத்தில் விரலில் மாட்டிப் பார்த்தோமே, அந்தக் கிளிப்பின் அடிப்படையை 1974இல் கண்டவர் ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அவோயாகி. ஆக்சிஜன் உள்ள ரத்தமும் இல்லாத ரத்தமும் ஒளியை வெவ்வேறு அளவில் உறிஞ்சும் என்பதை நாடித்துடிப்போடு இணைத்தார். தியேட்டரில் கேட்கும் 'பீப்' ஒலி, ஆக்சிஜன் குறையக் குறையச் சுருதி இறங்கும். மயக்க மருத்துவர் வேறு பக்கம் திரும்பியிருந்தாலும் அவர் காது நோயாளியிடமே இருக்கும். உலகம் முழுக்க அந்தக் கிளிப்பைத் தேடி அலைந்த 2020 ஏப்ரலில் அவோயாகி காலமானார்.

நடுவில் விழிப்பு வந்துவிட்டால்? பிரிட்டனிலும் அயர்லாந்திலும் எடுத்து 2014இல் வெளியிட்ட கணக்கின்படி, முழு மயக்கம் கொடுத்தவர்களில் சுமார் 19,000 பேருக்கு ஒருவர் அப்படி நேர்ந்ததாகச் சொன்னார். முதுகில் போடும் மயக்க ஊசி தண்டுவடத்தைக் குத்திவிடுமோ என்றால், அது தண்டுவடம் முடிகிற இடத்துக்குக் கீழேதான் இறங்குகிறது. சிலருக்குச் சில நாள் தலைவலி வரலாம்.

ஊசியையோ ரத்தத்தையோ பார்த்தாலே மயங்கி விழுபவர்கள் தனி ரகம். மற்றப் பயங்களில் ரத்த அழுத்தம் ஏறும். இவர்களுக்கு ஏறிவிட்டுச் சட்டென்று இறங்கிவிடும். மூச்சை இழுத்து விட்டு உடம்பைத் தளர்த்தச் சொன்னால் இன்னும் இறங்கக்கூடும். ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் 1980களில் நேர்மாறான வழியைப் பயிற்றுவித்தார். கால், வயிறு, ஊசி போடாத கை ஆகியவற்றை முகம் சூடாகும் வரை பத்துப் பதினைந்து வினாடி இறுக்கி, அரை நிமிடம் விட்டு, மறுபடி இறுக்க வேண்டும். பெரும்பாலும் அழுத்தம் இறங்காது, மயக்கமும் வராது. வீட்டிலேயே ஒரு வாரம் பழகிக்கொண்டு போகலாம்.

இன்னொன்றையும் நர்ஸ் அன்று பெரியம்மாவிடம் சொல்லி வைத்திருந்தார். தியேட்டரில் பெயர் என்ன, என்ன ஆபரேஷன் என்று திரும்பத் திரும்பக் கேட்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த சரிபார்ப்புப் பட்டியலில் உள்ள கேள்விகள் அவை. ஆள் மாறிவிடக் கூடாது என்பதற்காக எல்லோரையும் கேட்பார்கள். தெரியாமல் போயிருந்தால், 'இதுகூடத் தெரியாமலா கத்தி வைக்கப் போறாங்க' என்று பெரியம்மா பதறியிருப்பார்.

மறுநாள் காலை, தலைக்கு மேல் விளக்கு எரிய, மயக்க மருத்துவர் குனிந்து கேட்டாராம். பெரியம்மா பேரைச் சொன்னார். பித்தப்பைக் கல் என்றார். பிறகு, கேட்காமலே சொன்னார்: "தங்கம் எதுவும் இல்ல டாக்டர். கயிறு மட்டும்தான்."