கப்பல் வேலைக்கு முன் ஒரு கேள்வி

பெரியதாழையிலிருந்து ஒருவர் கப்பல் வேலைக்காக ஆப்பிரிக்கா போகிறார் என்று வைத்துக்கொள்வோம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அவருக்குக் கட்டாயமாகலாம். தமிழ்நாட்டில் இதைப் போடும் இடங்களில் ஒன்று, சென்னை கிண்டி கிங் நிலையம். ஊசி போட்ட 10-ஆம் நாளிலிருந்து அதற்கான சான்றிதழ் செல்லுபடியாகும். 2016 முதல் அது ஆயுளுக்கும் போதும்.

1930-களில் மேக்ஸ் தெய்லர் உருவாக்கிய இந்தத் தடுப்பூசியில் இருப்பது வலுவிழந்த, ஆனால் உயிருள்ள வைரஸ். அதை அடக்கி வைக்க உடம்பில் நோய் எதிர்ப்பு சக்தி வேண்டும். சிறுநீரக மாற்று சிகிச்சைக்குப் பிறகு மாத்திரை எடுப்பவர்கள், அதிக அளவில் ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர்கள் ஆகியோருக்கு அந்தச் சக்தி குறைந்திருக்கும். அவர்களுக்கு இந்த ஊசி ஆபத்தாகலாம்.

தூண்டில் முள் குத்தினால் போடும் ரணஜன்னி ஊசி அப்படியல்ல. அதில் உயிருள்ள கிருமி இல்லை, இவர்களும் போட்டுக்கொள்ளலாம்.

எனவே, மஞ்சள் காய்ச்சல் ஊசிக்கு முன், நீங்கள் சாப்பிடும் மருந்துகளின் சீட்டை டாக்டரிடம் காட்டுங்கள். ஊசிக்காக மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள்.