ஏரி தெரிகிறது, தாய்ப்பத்திரம் தெரிகிறதா?

காலடிப்பேட்டை மெட்ரோ நிலைய வாசலில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் கையில் திணிக்கப்படும் நோட்டீஸ்கள் பெரும்பாலும் ஊரைவிட்டுப் போகச் சொல்பவை. மலையடிவாரத்தில் பண்ணை மனை, ஏரி பார்த்த வீட்டுமனை, நடக்க ஒரு காடு, நீந்த ஒரு குளம், மீன்பிடிக்க ஒரு ஓடை. கீழே சின்ன எழுத்தில், மனை பார்க்க இலவச வேன், மதியச் சாப்பாடு உண்டு.

அந்த நோட்டீஸை யாரும் உடனே கசக்கி எறிவதில்லை, அதற்குக் காரணம் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி வலையையும் படகையும் கறுப்பாக்கியது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடியது. இந்தக் கடலோரப் பட்டையில் காலை நடைக்குப் போனால் ஒரு பக்கம் கன்டெய்னர் லாரி, இன்னொரு பக்கம் கடலரிப்புக்குக் கொட்டிய கருங்கல். ஓய்வுபெற்ற பிறகாவது மூச்சு வாங்காமல் நடக்க ஓர் இடம் வேண்டும் என்று ஆலைத் தொழிலாளி ஒருவர் நினைத்தால் அதில் ஆடம்பரம் ஒன்றும் இல்லை.

சிக்கல் வேறு இடத்தில். நமக்குப் பிடித்துப்போகிற மலை, காடு, ஏரி, கடற்கரை இவையெல்லாம் சட்டம் கறாராக வேலிபோட்ட இடங்கள். வேலி இருப்பதால்தான் அவை இன்னும் பார்க்கும்படி இருக்கின்றன. வேனில் கூட்டிப்போகிறவர் காட்சியைக் காட்டுவார், வேலியைக் காட்டமாட்டார். வாங்கிய பிறகு அந்த வேலிக்கு நாம்தான் பதில் சொல்லவேண்டும்.

கொச்சிக்குப் பக்கத்தில் மரடில் நடந்தது நினைவிருக்கலாம். காயலோரம் கட்டிய நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகள் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதியை மீறியவை என்று உச்ச நீதிமன்றம் 2019இல் சொன்னது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடிவைத்துத் தரைமட்டமாக்கினார்கள். வீடு வாங்கியவர்கள் முறைப்படி பணம் கட்டியவர்கள், பத்திரம் வைத்திருந்தவர்கள். முதலில் ஆளுக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு என்றார்கள், மீதிக்கு அலைச்சல். நம் நீலகிரியிலும் ஒன்று உண்டு. சீகூர்ப் பீடபூமியின் யானை வழித்தடத்தில் இருந்த விடுதிகளை மூடச் சொல்லி 2018இல் உத்தரவு வந்தது. வழித்தடத்தை அறிவித்த அரசாணை செல்லும் என்று 2020 அக்டோபர் 14இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. யானை வழியில் வீடு கட்டினால் யானையும் வரும், நோட்டீஸும் வரும்.

வடசென்னைக்காரர்களுக்கு முதலில் கண்ணில் படுவது பழவேற்காடு. ரயிலில் பொன்னேரி, அங்கிருந்து பஸ். ஏரியில் பூநாரை, மறுபக்கம் கடல். வார இறுதிக்குப் போய்வர அருமையான இடம். மனை வாங்க வேண்டுமென்றால் மட்டும் நிதானம் தேவை. ஏரி பறவைகள் சரணாலயம், கரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். 2011 அறிவிக்கைப்படி கிராமக் கடற்கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர்வரை புதிய கட்டடம் எழுப்பக்கூடாது. மக்கள் நெருக்கம் மிகுந்த கிராமங்களுக்கு, அதாவது சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்குமேல் வசிக்கும் இடங்களுக்கு, 2019 அறிவிக்கை அதை 50 மீட்டராகக் குறைத்தது. அந்தச் சலுகையும் புதிய கடலோர மேலாண்மை வரைபடம் ஒப்புதல் பெற்ற பகுதிக்குத்தான். "2019ல எல்லாம் மாறிடுச்சுண்ணே" என்று புரோக்கர் சொன்னால், சர்வே எண்ணைக் குறித்துக்கொண்டு மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மைக் குழுமத்திடம் எழுத்தில் கேளுங்கள். உயர் அலைக் கோடு கண்ணால் பார்த்து முடிவுசெய்வது இல்லை, அது வரைபடத்தில் இருப்பது.

இன்னும் கொஞ்சம் வடக்கே, ஆரம்பாக்கம் தாண்டினால் தடா, ஆந்திரம். பூமி ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் பத்திரப்பதிவு, பட்டா, ரியல் எஸ்டேட் ஆணையம் எல்லாம் அந்த மாநிலத்தினுடையவை. தமிழ்நாட்டுச் சட்டத்தை நம்பிக்கொண்டு அங்கே கையெழுத்துப் போடாதீர்கள்.

மலை என்றால் பலருக்கும் ஏலகிரி ஞாபகம் வரும். ஜோலார்பேட்டைவரை ரயில், பிறகு 14 கொண்டை ஊசி வளைவு. வசதி இன்னும் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை என்பவர்கள் ஜவ்வாது மலை, கொல்லிமலை என்று விசாரிக்கிறார்கள். தமிழகத்தில் அரசு பட்டியலிட்ட மலைக் கிராமங்களில் மனைப்பிரிவு போட வழக்கமான ஒப்புதல் மட்டும் போதாது. 1990இல் அமைக்கப்பட்ட மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதியும் வேண்டும். நீங்கள் பார்க்கும் கிராமம் பட்டியலில் உண்டா என்று நகர் ஊரமைப்பு இயக்கக அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். மலைவாழ் மக்களுக்கு 2006 வன உரிமைச் சட்டத்தில் கிடைத்த நிலம் வாரிசுக்குப் போகும், விற்பனைக்கு வராது. அதை விலை குறைவாகத் தருகிறார்கள் என்றால் அது பழங்குடியினருக்கும் நமக்கும் சேர்த்து வைக்கிற குழி.

இப்போது மனைக்கு வருவோம். ஏமாற்று அதிகம் நடப்பது இங்கேதான்.

அங்கீகாரமில்லாத மனைப்பிரிவுகளைப் பதிவுசெய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடைவிதித்தது. அடுத்த மாதமே பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒப்புதல் பெறாத நிலத்தை வீட்டுமனையாகப் பதிய முடியாது. 2016 அக்டோபர் 20க்கு முன் போட்ட மனைப்பிரிவுகளுக்கு மட்டும் 2017இல் வரன்முறைத் திட்டம் வந்தது. இதைத் தாண்ட ஒரு வழி கண்டுபிடித்தார்கள், அதற்குப் பெயர்தான் பண்ணை நிலம். புஞ்சையைச் சென்ட் கணக்கில் கூறுபோட்டு விவசாய நிலம் என்றே எழுதிக்கொடுப்பார்கள். சில இடங்களில் மொத்த நிலத்தில் பிரிபடாத பாகம் என்று எழுதுவார்கள். தமிழ்நாட்டில் விவசாயி அல்லாதவரும் விவசாய நிலம் வாங்கலாம், அதில் தடையில்லை. ஆனால் அதில் வீடு கட்ட நிலப்பயன் மாற்றம் வேண்டும், நஞ்சை என்றால் கெடுபிடி இன்னும் அதிகம். "ஒரு ஷெட் போட்டுக்கங்க, யாரு கேக்கப்போறா" என்பது அனுமதி ஆகாது. நான்கு பக்கமும் கம்பிவேலிக்குள் உங்கள் ஐந்து சென்ட் நடுவில் மாட்டிக்கொண்டால் வழிக்கு யாரிடம் போய் நிற்பீர்கள்?

500 சதுர மீட்டருக்குமேல் உள்ள மனைப்பிரிவு, அல்லது எட்டு மனைக்குமேல் உள்ளது, ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், அதாவது ரெராவில், பதிவாகியிருக்க வேண்டும். விளம்பரத்திலேயே பதிவு எண் இருக்கவேண்டும். நோட்டீஸில் எண் இல்லையென்றால் வேனில் ஏறவேண்டியதில்லை, சாப்பாடு வீட்டிலேயே கிடைக்கும். எண் இருந்தால் ரெரா இணையதளத்தில் போட்டுப் பார்த்து, அங்கே உள்ள வரைபடத்தோடு கையிலுள்ளதை ஒப்பிடுங்கள். பூங்காவுக்கு விட்ட இடத்தில் உங்கள் மனை இருக்கக்கூடும்.

ரெரா சட்டத்தில் மூன்று பிரிவுகளை நினைவில் வையுங்கள். 12ஆம் பிரிவு: விளம்பரத்தில் சொன்ன நீச்சல்குளமோ நடைபாதையோ ஏரிக்கரைப் பூங்காவோ பொய் என்றால், அதை நம்பிப் பணம் கட்டியவர் வட்டியோடு திரும்பக் கேட்கலாம். ஆகவே நோட்டீஸைத் தூக்கி எறியாதீர்கள், அது சாட்சி. 13ஆம் பிரிவு: பதிவுசெய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் பத்து சதவீதத்துக்குமேல் வாங்கக்கூடாது. 18ஆம் பிரிவு: சொன்ன தேதியில் ஒப்படைக்காவிட்டால் விலகிக்கொண்டு வட்டியோடு பணத்தைப் பெறலாம். "இன்னைக்கு டோக்கன் போட்டாத்தான் இந்த ரேட்" என்று வேனில் திரும்பும்போது சொல்வார்கள். நாளைக்கும் அந்த ரேட் இருக்கும்.

அடுத்து பத்திரம். பதிவாகிவிட்டது, சார்பதிவாளர் பார்த்துத்தானே பதிந்திருப்பார் என்று நம்புகிறவர்கள் ஏராளம். விற்பவருக்கு உரிமை உண்டா என்று தீர்மானிப்பது பதிவு அதிகாரியின் வேலை இல்லை என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தமிழக வழக்கு ஒன்றிலேயே சொல்லிவிட்டது. அதைத் தேடுவது வாங்குபவர் பாடு. 30 வருட வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், பட்டா இவை மூன்றும் பலருக்குத் தெரியும். நான் வற்புறுத்துவது இன்னொன்றை: கிராம நிர்வாக அலுவலர் வைத்திருக்கும் 'அ' பதிவேடு. அதில் சர்வே எண்ணுக்கு நேரே கடைசிப் பத்தியில் ஒரு குறிப்பு இருக்கும். நிபந்தனை ஒப்படை, டி.சி. நிலம், மேய்க்கால், ஓடை, வண்டிப்பாதை என்று ஒரு வார்த்தை. கணினிப் பட்டாவில் அது சில சமயம் தெரிவதில்லை, பதிவேட்டில் தெரியும்.

டி.சி. நிலம் என்று இருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். அது பஞ்சமி நிலம். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையின்மேல் 1892இல் பிரிட்டிஷ் அரசு ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு ஒதுக்கத் தொடங்கியது. முதல் பத்து வருடம் யாருக்கும் விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் பட்டியல் சாதியினருக்கு மட்டும்தான் விற்கலாம் என்பது நிபந்தனை. மீறினால் விற்பனை செல்லாது, அரசு நிலத்தைத் திரும்ப எடுக்கலாம், இழப்பீடு கிடையாது. இன்றைய திருவள்ளூர் மாவட்டம் அந்தப் பழைய செங்கல்பட்டிலிருந்து பிரிந்ததுதான். பொன்னேரி, ஊத்துக்கோட்டைப் பக்கம் மலிவாக நிலம் என்றால் இந்தக் கேள்வியை முதலில் கேளுங்கள். சட்டத்துக்குப் பயந்து மட்டுமல்ல, அது ஒருவரிடமிருந்து பறித்த நிலம் என்பதற்காகவும்.

நிலத்தின் உருவத்துக்குப் புலப்படம். அதைக் கையில் வைத்துக்கொண்டு கிராம வரைபடத்தோடு பார்த்தால், மனைக்குக் குறுக்கே ஓடும் வாய்க்கால் தெரியும். மே மாதத்தில் போனால் வறண்ட பள்ளம், பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவார்கள். நவம்பரில் அது வாய்க்கால்தான். 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டப்படி ஆக்கிரமிப்பு என்று அளந்துவிட்டால் உங்கள் பத்திரம் உதவாது. பவர் பத்திரத்தின்மேல் விற்றால் எழுதிக்கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பதை நேரில் போய்ப் பாருங்கள், சான்றோடு நிறுத்தாதீர்கள்.

பத்திரம் சுத்தமாக இருந்தாலும் ஊர் சுத்தமாக இருக்கவேண்டுமே. எண்ணூர்ப் புகைக்குத் தப்பி கும்மிடிப்பூண்டி சிப்காட் காற்று வீசும் பக்கம் மனை வாங்கியவர்களை எனக்குத் தெரியும். பக்கத்தில் சிப்காட் விரிவாக்கம் அறிவித்திருக்கிறார்களா, கல்குவாரி உரிமம் உண்டா என்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி ஒரு மனு போட்டால் 30 நாளில் பதில் வரவேண்டும். ஸ்டான்லி ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில் இருக்கும் நமக்கு, மலையில் 108 வர எவ்வளவு நேரம் ஆகும் என்பது உறைக்காது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாம்புக்கடி மருந்து இருக்கிறதா என்று கேளுங்கள்; பாம்புக்கடியை 2024இல் அரசு அறிவிக்கை செய்யவேண்டிய நோயாக்கியதே அது எவ்வளவு பெரிய தொல்லை என்பதைச் சொல்லும்.

காட்டோரத்தில் வீடு என்பதால் காடு நம் கொல்லைப்புறம் ஆகாது. காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் நுழைவது 1882ஆம் ஆண்டு வனச் சட்டப்படி இன்றும் குற்றம். 2018 மார்ச் 11இல் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்து 23 பேர் மாண்டார்கள். அதன்பிறகுதான் மலையேற்ற விதிகள் வந்தன. 2024இல் வனத்துறை 40 பாதைகளை இணையப் பதிவோடு, வழிகாட்டிகளோடு திறந்தது. மலையேற்றம் மட்டும்தான் ஆசை என்றால் மனையே வேண்டாம், கட்டணம் கட்டிப் போய்வரலாம். உண்மையாகவே குடிபோக விரும்பினால் ஒரு கோடையும் ஒரு ஐப்பசியும் அந்த ஊரில் வாடகைக்கு இருந்து பாருங்கள். அதுவரை காலடிப்பேட்டை வீட்டை விற்காதீர்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: ரெரா வரம்பில் வரும் மனை என்றால் எழும்பூரிலுள்ள ஆணையத்தில் புகார் கொடுங்கள். அதன் உத்தரவை நில வருவாய் நிலுவைபோல வசூலிக்கலாம். மனைப்பிரிவு போட்டு வசதி செய்துதருவதாக விற்றவர் நுகர்வோர் சட்டத்துக்குள்ளும் வருவார் என்று உச்ச நீதிமன்றம் 2012இல் சொல்லியிருக்கிறது. கொடுத்த பணம் 50 லட்சம்வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், இரண்டு வருடத்துக்குள் போகவேண்டும். பட்டாவில் பெயர் மாற்றிவிட்டால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு. போலிப் பத்திரம், ஆள்மாறாட்டம் என்றால் மாவட்டக் காவல்துறையின் நில அபகரிப்புத் தடுப்புப் பிரிவு. வக்கீலுக்குப் பணமில்லை என்று யாரும் ஒதுங்கவேண்டாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். கொடுத்த பணத்துக்கு ரசீது, வங்கிக் கணக்கு, வாட்ஸ்அப் செய்தி எதுவாக இருந்தாலும் அழிக்காமல் வையுங்கள், ரொக்கமாகக் கொடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள்.