20 ஜிபி டேட்டாபேஸுக்கு இவ்வளவு நேரமா?

இந்த வார எபிசோடில் போஸ்ட்கிரஸ் அப்கிரேட் பற்றி ஆரம்பித்து, நேரம் போதாமல் பாதியில் விட்டோம். மீதி இங்கே.

ஃபஹாஹீலில் உட்கார்ந்து துபாய்க்கும் வேலை பார்த்தால் சிக்கல் புரியும். குவைத்தில் லீவு வெள்ளி, சனி. அமீரகத்தில் 2022-லிருந்து சனி, ஞாயிறு. இரண்டு ஆபீஸும் மூடியிருப்பது சனிக்கிழமை மட்டும்தான். ஞாயிறு காலை குவைத் கவுண்டர் திறக்கும்போது சிஸ்டம் ஓடியாகணும்.

ஒரு கிளையன்ட் டேட்டாபேஸ், சைஸ் வெறும் 20 ஜிபி. ஆனா கடைக்கு ஒரு ஸ்கீமா என்று 30,000 டேபிள். இங்கே நேரத்தைத் தின்பது டேட்டா இல்லை, டேபிள்களோட எண்ணிக்கை.

ஏன்? 2022-ல் வந்த 15-க்கு முந்தைய பிஜி_டம்ப், பல விவரங்களை டேபிள் டேபிளாகப் போய்க் கேட்கும். லேப்டாப்பிலிருந்து தூரத்து சர்வருக்குப் போய்வர 40 மில்லிசெகண்ட் என்று வையுங்க. டேபிளுக்கு ஒரே கேள்வி என்றாலும் 1,200 செகண்ட், அதாவது 20 நிமிஷம். 15-லிருந்து பல டேபிள்களுக்கும் சேர்த்து மொத்தமாகக் கேட்கிறது.

அதனால் செய்ய வேண்டியது:

1. புது வெர்ஷன் பிஜி_டம்ப்பை எடுங்க. பழைய சர்வரையும் அது படிக்கும். சர்வருக்குப் பக்கத்திலேயே ஓட்டுங்க.

2. ஜாப்ஸ் எண்ணிக்கையைக் கூட்டினால் போதும்னு நம்பாதீங்க. பிஜி_டம்ப்பில் அது டேட்டாவைத்தான் பிரிக்கும். பிஜி_அப்கிரேடில் ஸ்கீமா வேலை டேட்டாபேஸ் வாரியாகப் பிரியும். எல்லாம் ஒரே டேட்டாபேஸில் இருந்தால் ஒரே வரிசைதான்.

3. ஃபைல்களைக் காப்பி பண்ணாமல் லிங்க் மோடில் போங்க. பழையதும் புதியதும் ஒரே ஃபைல்சிஸ்டத்தில் இருக்கணும். புது சர்வரை ஸ்டார்ட் பண்ணிட்டால் பழையதுக்குத் திரும்ப முடியாது. பேக்கப் இல்லாமல் தொடாதீங்க.

4. ஸ்டாடிஸ்டிக்ஸை மறக்காதீங்க. 17 வரைக்கும் அப்கிரேடில் அது கூட வராது. அனலைஸ் ஓட்டாமல் திறந்துவிட்டால், அப்கிரேட் சக்சஸ் என்றிருக்கும், ஆனா கவுண்டரில் ஒவ்வொரு பில்லும் இழுக்கும். 2025 செப்டம்பரில் வந்த 18-ல் பெரும்பாலானவை கூடவே வந்துவிடும். விட்டுப்போனதுக்கு மட்டும் அனலைஸ் போதும்.

கடைசியா ஒன்று. முந்தைய வாரமே ஒரு காப்பியில் முழுசா ஓட்டிப் பார்த்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆன நேரத்தைக் குறிச்சு வையுங்க. அந்தக் கணக்கு கையில் இருந்தால்தான், சனிக்கிழமை மதியம் தொடரலாமா நிறுத்தலாமா என்று தைரியமாக முடிவெடுக்க முடியும்.