கிடங்கு முற்றத்துக் கான்கிரீட்டுக்கு எந்த நிறம் ஏற்றது?

சுவருக்கு அடித்த வர்ணம் பிடிக்காவிட்டால் மாற்றி அடித்துக்கொள்ளலாம். கான்கிரீட்டோடு கலந்த நிறத்தை மாற்ற வேண்டுமானால் தரையை உடைக்கத்தான் வேண்டும். எனவே, லாரி வந்து நிற்கும் கிடங்கு முற்றத்துக்கும் கடை வாசலுக்கும் நிறக் கான்கிரீட் போட எண்ணும் வணிகர்கள், முதலில் சில செய்திகளை அறிந்துகொள்வது நல்லது.

கறுப்புத் தரை வெயிலை உறிஞ்சிக் கொதிக்கும். மூட்டை சுமக்கும் தொழிலாளர் காலுக்குத்தான் முதல் துன்பம். சிந்திய மாவும் உப்பும் அதில் பளிச்சென்று தெரியும்; சிமெண்டிலிருந்து பூக்கும் வெள்ளை உப்பும் அப்படியே. வெளிர் நிறம் சூட்டைக் குறைக்கும். ஆனால் எண்ணெய்க் கறையும் டயர் தடமும் மறையா. நம் தொழிலுக்குச் செங்கல் சிவப்பு, இளம்பழுப்பு போன்ற நடுத்தர நிறங்களே ஏற்றவை.

சிவப்பு, மஞ்சள், கறுப்பு மூன்றிலும் இரும்பு ஆக்சைடு பொடியே நம்பகமானது. வெயிலுக்கும் சிமெண்டின் காரத்துக்கும் எளிதில் மங்காது. ஈயம் கலந்த குரோம் மஞ்சளை வாங்கவே கூடாது. காரத்தில் அதன் நிறம் நிலைக்காது. மிளகாயும் மல்லியும் காயப்போடும் இடத்தில் ஈயம் நஞ்சாகும். மஞ்சள், இளம்பழுப்பு நிறங்கள் தெளிவாக வேண்டுமானால் வெள்ளைச் சிமெண்ட் தேவை. சிவப்புக்கும் கறுப்புக்கும் சாதாரணச் சிமெண்ட் போதும்.

50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு 2.5 கிலோ பொடி, அதாவது 5 சதவீதம், பொதுவாகப் போதும். 10 சதவீதத்தைத் தாண்டினால் நிறம் அதிகம் கூடாது, வலிமை குறையும். பொடியைச் சட்டியால் அளக்காமல் தராசில் நிறுத்தே போட வேண்டும். தராசு நம்மிடம் இருக்கிறதே! முதலில் சிமெண்டோடு உலர்வாகக் கலந்து, பிறகே தண்ணீர் விட வேண்டும். ஒரு கலவைக்குத் தண்ணீர் கூடினால் அந்தப் பகுதி மட்டும் வெளிறிவிடும்.

செலவைக் குறைக்க, அடியில் சாதாரணக் கான்கிரீட் போட்டு, அது இறுகுமுன் அன்றே மேலே ஓர் அங்குலம் நிறக் கலவை போடலாம். மேலே வெறும் பொடியைத் தூவித் தேய்க்கும் வேலைக்கு இடம் தராதீர்கள். லாரிச் சக்கரத்தில் அது உரிந்துவிடும். கண்ணாடி போல் மழமழப்பாக்கினால் மழையில் கால் வழுக்கும். துடைப்பத்தால் கோடு இழுக்கச் சொல்லுங்கள்.

வேலை தொடங்குமுன் இரண்டடிச் சதுரத்தில் மாதிரி போட்டு, 28 நாள் கழித்து, நன்கு காய்ந்தபின் பாருங்கள். ஈரத்தில் எந்த நிறமும் அடர்த்தியாகவே தெரியும். மாதிரி பிடித்தால் அதே எடைக் கணக்கைக் கொத்தனாரிடம் எழுதிக் கொடுத்து, மொத்தப் பொடியையும் ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள்.