பன்னிரண்டு படங்கள் தந்த பாடம்



என் மேசை இழுப்பறையில் மூன்று கேமராக்கள் இருக்கின்றன. மூன்றும் பழையவை. முதலாவது, என் வாப்பா 1970களில் வாங்கிய அக்ஃபா கிளிக் 3. இரண்டாவது, நான் கல்லூரியில் பயின்ற நாளில் இன்னொருவரிடமிருந்து பழைய பொருளாகவே வாங்கிய பென்டாக்ஸ் கே1000. மூன்றாவது, என் மச்சான் 2004ஆம் ஆண்டு வளைகுடாவிலிருந்து கொண்டுவந்து தந்த கேனன் பவர்ஷாட் ஏ75 என்னும் டிஜிட்டல் கேமரா.

"கையிலிருக்கும் செல்பேசியே இவற்றைவிடப் பன்மடங்கு நன்றாகப் படம் பிடிக்கிறதே, இந்தப் பழம் பெட்டிகளை ஏன் துடைத்துத் துடைத்து வைக்கிறீர்கள்?" என்று என் வீட்டாரே கேட்பதுண்டு. மதரஸாவில் பாடம் நடத்தி, எஞ்சிய நேரத்தில் படம் பிடிப்பவன் நான். தொழில்முறைக் கலைஞன் அல்லன். ஆயினும் இந்த வினாவிற்கு என்னிடம் ஒரு விடை உண்டு. அதனை இங்கே உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

இருட்டறையும் ஒரு துளையும்

கேமரா எவ்வளவு நவீனமாக இருந்தாலும் அதன் அடிப்படை ஒன்றே. ஓர் இருட்டறை, அதில் ஒளி நுழைய ஒரு துளை, அவ்வொளி விழுவதற்கு ஒரு தளம். இந்த உண்மையை முறையாக ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அறிஞர் இப்னுல் ஹைஸம் (ஏறத்தாழ 965 - 1040). இருட்டறைக்கு எதிரே பல விளக்குகளை வரிசையாக வைத்து, ஒரே துளை வழியே நுழையும் அவற்றின் ஒளி ஒன்றோடொன்று கலந்துவிடாமல் தனித்தனியே சுவரில் விழுவதை அவர் சோதித்துக் காட்டினார். சூரிய கிரகணத்தின்போது சிறு துளை வழியே பிறை வடிவம் ஏன் விழுகிறது என்பதை ஆராய்ந்து தனி நூலே எழுதினார். கண்ணிலிருந்து ஒளி புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால் நாம் பார்க்கிறோம் என்ற பழங்கருத்தை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் நுழைவதாலேயே பார்க்கிறோம் என்று அவருடைய 'கிதாபுல் மனாழிர்' நிறுவியது.

வாப்பாவின் கேமராவைத் திறந்து உள்ளே பார்க்கும்போதெல்லாம் எனக்கு இவர் நினைவுதான் வரும். உள்ளே ஒன்றுமே இல்லை. ஒரு சிறு லென்ஸ், ஒரு வெற்றிடம், படச்சுருள் ஓடும் தடம், அவ்வளவே. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய இருட்டறை உள்ளங்கையில் அடங்கி நிற்கிறது.

வாப்பா எடுத்த படங்கள்

இந்தியாவிலேயே தயாரிக்கப்பட்டு நடுத்தரக் குடும்பங்களுக்குள் புகுந்த கேமரா அது. அதில் இடும் 120 என்னும் படச்சுருளை 1901ஆம் ஆண்டு கோடக் நிறுவனம் அறிமுகப்படுத்தியது. அதே அளவிலான சுருள் இன்றும் விற்பனைக்குக் கிடைக்கிறது என்பது வியப்பன்றோ! நம் உதகையில் 1960இல் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசுத் தொழிற்சாலை, 'இண்டு' என்ற பெயரில் படச்சுருள்களைத் தயாரித்து வந்தது. இன்று அத்தொழிற்சாலை இல்லை. வாப்பாவின் டப்பாவில் அதன் காலி உறை ஒன்று மட்டும் இருக்கிறது.

ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படங்கள். அவை முடிந்தால் அடுத்த சுருள் வாங்க இரண்டு மூன்று மாதமாவது ஆகும். எனவே வாப்பா கேமராவைத் தூக்கியவுடன் பொத்தானை அழுத்தியதை நான் கண்டதேயில்லை. கடற்கரையில் நின்று மேகம் விலகக் காத்திருப்பார். ஓடம் கரைக்குத் திரும்பும் திசையைப் பார்ப்பார். சில நாள் ஒரு படமும் எடுக்காமலே வீடு திரும்புவார். "இன்றைக்கு வெளிச்சம் சரியில்லை" என்பார். அவர் குரலில் வருத்தம் இராது. பார்த்துவிட்டு வந்ததே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

உம்மாவிற்குப் படம் எடுத்துக்கொள்வதில் விருப்பமில்லை. வாப்பாவும் வற்புறுத்தியதில்லை. ஒரே ஒரு முறை, "முகம் தெரியாமல் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று உம்மா சொல்ல, கிணற்றடியில் நீர் இறைக்கும் அவருடைய கைகளை மட்டும் வாப்பா எடுத்தார். இன்று அப்படம் எங்கள் வீட்டில் விலைமதிப்பற்ற பொருள்.

படம் எடுப்பது பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை வாசகர்கள் அறிவர். எகிப்தின் முஃப்தியாக விளங்கிய ஷைக் முஹம்மது பகீத் அல்முதீயி, புகைப்படம் கூடும் என்று தனி நூலே எழுதினார். மாறுபட்ட கருத்துடையோரும் பெரும் அறிஞர்களே. அந்த விவாதத்திற்குள் நுழைவது இக்கட்டுரையின் நோக்கமன்று. நான் கைக்கொள்வது உம்மாவிடமிருந்து கற்ற ஓர் ஒழுக்கம்: அனுமதி பெறாமல் எவரையும் படம் எடுப்பதில்லை. பழைய கேமரா இதற்குப் பெரிதும் துணை செய்கிறது. அதை மறைத்து வைத்துப் படம் எடுக்க இயலாது. எதிரே நிற்பவருக்கு நாம் செய்வது தெரிந்தே தீரும்.

மதீனாவை முதன்முதலில் படம் பிடித்தவரும் தொழில்முறைப் புகைப்படக் கலைஞர் அல்லர். எகிப்திய இராணுவத்தில் பொறியாளராகவும் நில அளவையாளராகவும் பணியாற்றிய முஹம்மது ஸாதிக் பே, 1861ஆம் ஆண்டு அளவைப் பணிக்காகச் சென்றபோது தம் கருவிகளையும் உடன் கொண்டு சென்றார். பின்னர் 1880இல் ஹஜ் பயணக் குழுவுடன் சென்று மக்காவையும் படம் பிடித்தார். ஒவ்வொரு படத்திற்கும் ஒரு கண்ணாடித் தகடு தேவைப்பட்ட காலம் அது. அந்தத் தகடுகளையும் மருந்துகளையும் பாலைவன வழியே சுமந்து சென்றவர் ஒரு படத்தையேனும் சிந்திக்காமல் எடுத்திருப்பாரா?

கணக்கிடக் கற்றுத்தந்த கருவி

பென்டாக்ஸ் கே1000, 1976 முதல் 1997 வரை இரு பதிற்றாண்டுகளுக்கு மேல் தயாரிப்பில் இருந்த கேமரா. பல நாடுகளில் புகைப்படம் பயிலும் மாணவர்களின் முதற்கருவியாக விளங்கியது. ஒளியை அளந்து காட்டும் முள்ளுக்கு மட்டுமே அதில் மின்கலம் வேண்டும். மின்கலம் தீர்ந்தாலும் மற்ற யாவும் இயங்கும்.

அப்படி மின்கலம் தீர்ந்த ஒரு நாளில்தான் முதியவர் ஒருவர் எனக்கு ஓர் எளிய கணக்கைக் கற்பித்தார். நல்ல வெயிலில் லென்ஸின் துவாரத்தை 16 என்ற எண்ணில் வைக்க வேண்டும். படச்சுருளின் வேகம் 100 என்றால், ஒரு நொடியில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு நேரம் ஒளியை உள்ளே விட வேண்டும். மேகம் மூடினால் துவாரத்தை ஒரு படி பெரிதாக்க வேண்டும். நிழல் அடர்ந்தால் இன்னும் ஓரிரு படிகள். இக்கணக்கைக் கற்ற பிறகு வெயிலையே வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கினேன். லுஹர் நேரத்து வெயிலுக்கும் அஸர் நேரத்து வெயிலுக்கும் உள்ள வேறுபாடு, கேமராவைத் தொடாமலே என் கண்ணுக்குப் புலப்பட்டது.

அப்பால் இருட்டறை வேலை. படச்சுருளின் மேல் பூசிய வெள்ளி உப்பின் நுண்துகள்களில் ஒளி பட்ட தடம் கண்ணுக்குத் தெரியாமல் பதிந்திருக்கும். மருந்து நீரில் இட்டதும் ஒளி பட்ட துகள்கள் கறுத்து வெள்ளியாக மாறுகின்றன. ஒளி படாதவற்றை ஹைப்போ கரைத்து அகற்றுகிறது. சிவப்பு விளக்கின் கீழ் வெற்றுக் காகிதத்தில் ஓடமும் அலையும் மெல்ல மெல்ல எழுந்து வருவதைக் கண்டவர்கள் அந்த மகிழ்ச்சியை ஒருநாளும் மறவார்.

பழைய டிஜிட்டலின் இனிமை

டிஜிட்டல் கேமரா நேற்று வந்த பொருளன்று. 1975இல் கோடக் நிறுவனத்தின் இளம் பொறியாளர் ஸ்டீவன் சாஸன் முதல் டிஜிட்டல் கேமராவை உருவாக்கினார். ஏறத்தாழ மூன்றரை கிலோ எடையுள்ள அப்பெட்டி, பத்தாயிரம் புள்ளிகளாலான ஒரு கருப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடாவில் பதிக்க 23 நொடிகள் எடுத்துக்கொண்டது. அதே கோடக் நிறுவனம் டிஜிட்டல் யுகத்தில் தடுமாறி, 2012இல் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது வரலாற்றின் விந்தை.

மச்சான் தந்த கேனன் கேமராவில் 32 லட்சம் புள்ளிகள். இன்றைய செல்பேசிகள் பலவற்றில் ஐந்து கோடி. ஆயினும் அஞ்சலட்டை அளவில் அச்சிட அந்த 32 லட்சமே தாராளமாகப் போதும். அதனுடன் வந்த நினைவு அட்டையின் கொள்ளளவு 32 மெகாபைட். உயர்ந்த தரத்தில் எடுத்தால் சுமார் இருபது படங்களில் நிறைந்துவிடும். ஆகவே வாப்பாவின் கட்டுப்பாடு டிஜிட்டலிலும் என்னைத் தொடர்ந்தது.

அத்தகைய பழைய கேமராக்களின் நிறங்களை இன்றைய இளைஞர்கள் தேடிச் செல்கின்றனர். சி.சி.டி. என்னும் ஒளியுணர் சில்லே அதற்குக் காரணம் என்பார் பலர். சில்லு மட்டுமன்று, கேமராவுக்குள் நிறங்களைச் சீர்படுத்த எழுதப்பட்ட நிரலுக்கும் லென்ஸுக்கும் அதில் பங்குண்டு. இன்றைய செல்பேசி, ஒரு படத்திற்குப் பல படங்களை எடுத்துக் கலந்து, நிழலையும் வெளிச்சத்தையும் சமப்படுத்தித் தருகிறது. பழைய கேமராவோ நிழலை நிழலாகவே விட்டுவிடுகிறது. என் கண்ணுக்கு அதுவே இதமாக இருக்கிறது.

இழந்ததும் மீண்டதும்

2011ஆம் ஆண்டு எங்கள் கணினியின் வன்தட்டு ஒரே நாளில் செயலிழந்தது. என் மூத்த மகளின் முதல் ஐந்து ஆண்டுகள் அதற்குள் இருந்தன. நாலாயிரத்திற்கும் மேற்பட்ட படங்கள். பழுது பார்ப்பவர் பத்து நாள் வைத்திருந்துவிட்டுக் கையை விரித்தார். படியெடுத்து வைக்காதது என் தவறே. மறு ஆண்டு உம்மா வஃபாத்தானார். 2016இல் வாப்பாவும் அல்லாஹ்வின் அழைப்பை ஏற்றார். பேத்தியுடன் உம்மா இருந்த ஒரு படமும் என்னிடம் இல்லையே என்ற ஏக்கம் ஆண்டுக்கணக்கில் நெஞ்சை அரித்தது.

2022இல் ஒரு நாள், அலமாரியை ஒழுங்குபடுத்திய மகள் அந்தக் கேனன் கேமராவைக் கண்டெடுத்தாள். செல்களைக் கழற்றி வைத்திருந்ததால் உள்ளே கசிவு ஏதுமில்லை. நான்கு பென்சில் செல்களை இட்டதும் சிறு திரை ஒளிர்ந்தது. நினைவு அட்டை உள்ளேயே இருந்தது. அதில் பதினெட்டுப் படங்கள். ஒன்பதாவது படத்தில் உம்மா திண்ணையில் அமர்ந்திருக்கிறார். மடியில் மூன்று வயதுப் பேத்தி. உம்மாவின் முகம் குழந்தையின் பக்கம் குனிந்திருக்கிறது. அனுமதி கேட்டபோது அவர் மறுக்காத ஒரே நாள் அது.

மகள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "வாப்பா, இதைக் காகிதத்தில் போட்டுத் தாருங்கள்" என்றாள். அன்று மாலையே அச்சிட்டுக் கொண்டுவந்தேன். கிணற்றடிக் கைகளுக்குப் பக்கத்தில் அது இன்று இருக்கிறது.

வாசகர்களே! எல்லோரும் பழைய கேமரா வாங்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. படச்சுருளின் விலை இன்று பல நூறு ரூபாய். கழுவித் தருவோரும் பெருநகரங்களில் சிலரே உள்ளனர். எனினும் இக்கலை மறைந்துவிடவில்லை. 2024இல்கூடப் பென்டாக்ஸ் பெயரில் புதிய படச்சுருள் கேமரா ஒன்று வெளிவந்தது. வீட்டுப் பரணில் முன்னோர் வைத்துச்சென்ற கேமரா இருந்தால் அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். உள்ளே சுருளோ அட்டையோ இருக்கிறதா என்று பாருங்கள். செல்களைக் கழற்றி, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள்.

செல்பேசியே உங்கள் கேமரா என்றால், ஆண்டுக்குப் பன்னிரண்டு படங்களையேனும் தேர்ந்தெடுத்து அச்சிடுங்கள். பின்புறத்தில் பென்சிலால் ஆண்டையும் இடத்தையும் எழுதுங்கள். ஆயிரக்கணக்கில் குவித்து வைப்பதைக் காட்டிலும் பன்னிரண்டைப் பேணுவது எளிது. நம் பிள்ளைகளுக்கு நாம் விட்டுச்செல்லும் அமானிதங்களில் அதுவும் ஒன்றாக இருக்கட்டும்.