ஆகாயத்தாமரை

தாவரவியல் பெயர்: பாண்டிடேரியா கிராசிப்பஸ்
வேறு பெயர்: வெங்காயத்தாமரை
தாயகம்: தென் அமெரிக்கா, அமேசான் படுகை
இந்தியாவுக்கு வந்த காலம்: 19ஆம் நூற்றாண்டின் இறுதி

இலைக்காம்பின் உப்பிய பகுதியை அழுத்திப் பாருங்கள். பஞ்சு போன்ற அந்தத் திசுவில் நிறைந்துள்ள காற்றுதான் செடியை மிதக்க வைக்கிறது. ஊதாப் பூவின் மேல் இதழில் மஞ்சள் பொட்டு இருக்கும். அழகுச் செடியாகக் கொண்டுவரப்பட்ட இது, சாதகமான சூழலில் இரண்டே வாரங்களில் இருமடங்காகப் பெருகும். விதைகள் சேற்றில் பல ஆண்டுகள் உயிருடன் கிடக்கும்.

நீரில் என்ன நடக்கிறது?
செடிப் படலம் வெயிலை மறைக்கிறது. அடியில் பாசியும் நீர்த்தாவரங்களும் மடிகின்றன. அழுகும் செடிகள் ஆக்சிஜனைக் குறைப்பதால் மீன்கள் சாகின்றன. தேங்கிய நீரில் கொசு பெருகுகிறது.

உழவருக்கு என்ன இழப்பு?
கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல்கள் முல்லைப் பெரியாற்று நீரை நம்பியுள்ளன. வாய்க்காலிலும் மடையிலும் இச்செடி அடைத்தால் கடைமடைக்குத் தண்ணீர் சேராது. கண்மாயில் மீன்பிடிப்போர் வலை வீச முடியாது. இலைகள் வழியாகவும் நீர் ஆவியாகி வீணாகிறது.

தீர்வு
பூக்கும் முன்பே வேரோடு அகற்றி, கரையில் உலர்த்தி மட்கவைத்தால் உரமாகும். இச்செடியைத் தின்னும் நியோகெட்டினா கூன்வண்டுகள் 1980களில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டன. கழிவுநீர் கலப்பதைத் தடுப்பதே நிலையான வழி. கழிவுநீரின் சத்தில்தான் இச்செடி செழிக்கிறது.

கம்பம் பள்ளத்தாக்கில் ஓடும் சுரபி நதியில் நீராடுவோர் துணி, சோப்பு, பிளாஸ்டிக் எதையும் நீரில் விட வேண்டாம். இச்செடியை வீட்டுத் தொட்டிக்கு எடுத்துச் செல்லவும் வேண்டாம்.