கான்சாகிபும் கார்த்தேஜும்



அனுமந்தன்பட்டி, உத்தமபாளையம் பகுதிகளிலிருந்து தேனி வழியாக வடக்கே செல்லும்போது பெரியகுளத்தைக் கடந்திருப்பீர்கள். அவ்வூர் மண்ணில் மாவீரர் ஒருவரின் கால் அடக்கப்பட்டிருப்பதாகப் பரம்பரையாகச் சொல்லி வருகின்றனர். தலை திருச்சியில், உடல் மதுரை சம்மட்டிபுரத்தில்! அவர்தாம் கான்சாகிப் என்று மக்கள் அழைத்த முகம்மது யூசுப் கான். அவருக்கு ஏன் இந்த முடிவு நேர்ந்தது? அதனை விளங்கிக்கொள்ள, கடல் கடந்த பழைய நகரம் ஒன்றின் வரலாற்றை முதலில் பார்ப்போம்.

கூலி மறுத்த நகரம்

இன்றைய துனிஸ் நகருக்கு அருகே, மத்தியதரைக் கடலோரத்தில் கார்த்தேஜ் என்னும் நகர அரசு இருந்தது. வணிகத்தால் செழித்த அந்நகரம், தரைப் போருக்குப் பெரும்பாலும் பிற நாட்டவரையே நம்பியிருந்தது. நுமிடியக் குதிரை வீரர், பலேரியத் தீவுகளின் கவண் வீரர், ஸ்பானியர், லிபியர் எனப் பல மொழி பேசுவோர் அதன் படையில் இருந்தனர்.

கி.மு. 264 முதல் 241 வரை ரோமருடன் நடந்த போரில் கார்த்தேஜ் தோற்றது. ரோமருக்குப் பெருந்தொகை தண்டம் கட்ட நேர்ந்ததால், தனக்காகப் போரிட்டவர்களின் ஊதிய பாக்கியைக் குறைக்கப் பேரம் பேசியது. விளைவு என்ன? அதே வீரர்கள் கொதித்தெழுந்து அந்நகரையே முற்றுகையிட்டனர்! தளபதி ஹமில்கார் அக்கலகத்தை அடக்கி முடிக்கக் கி.மு. 237 ஆயிற்று.

அவருடைய மகன் ஹானிபால் கி.மு. 218இல் யானைகளுடன் ஆல்ப்ஸ் மலையைக் கடந்தார். கி.மு. 216இல் கன்னே என்னுமிடத்தில் ரோமரின் பெரும்படையை அழித்தார். எனினும் தாய்நகரிலிருந்து அவருக்குப் போதிய உதவி வரவில்லை. கி.மு. 202இல் ஜாமா போரில் அவர் தோற்றார். கி.மு. 146இல் கார்த்தேஜே தரைமட்டமாயிற்று.

மதுரைக் கோட்டை

இப்போது நம் மண்ணுக்கு வருவோம். இராமநாதபுரச் சீமையின் பனையூரில் மருதநாயகமாகப் பிறந்து, இஸ்லாத்தைத் தழுவியவர் யூசுப் கான். ஆங்கிலக் கும்பெனியின் சிப்பாய்ப் படைக்குத் தலைவராக உயர்ந்தார். 1758-59இல் பிரெஞ்சுக்காரர் சென்னையை முற்றுகையிட்டபோது, வெளியிலிருந்து அவர்களைத் திணறடித்தார். பின்னர் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் நிர்வாகத்தை ஏற்று, குளங்களைச் செப்பனிட்டார். மீனாட்சியம்மன் கோயிலின் பறிபோன நிலங்களை மீட்டுக் கொடுத்தார்.

அவருடைய செல்வாக்கு வளர வளர, ஆற்காட்டு நவாப் முகம்மது அலிக்கும் கும்பெனிக்கும் கலக்கம் பிறந்தது. நவாபுக்குக் கீழ்ப்பட்டிருக்க வேண்டும் என்ற கட்டளையை அவர் ஏற்கவில்லை. 1763இல் போர் மூண்டது. அதுவரை யாருக்காக வாளேந்தினாரோ, அவர்களே அவரை எதிர்த்து வந்தனர். 1764 ஜூனில் நடந்த பெருந்தாக்குதலையும் மதுரைக் கோட்டை முறியடித்தது.

வெளியிலிருந்து வீழ்த்த முடியாத கோட்டையைப் பட்டினி வாட்டியது. இறுதியில், உள்ளேயிருந்தவர்களே அவரைக் கைவிட்டனர். அவருடைய படையிலிருந்த பிரெஞ்சுக்காரர் மர்ச்சாந்தும், திவான் சீனிவாச ராவும் சேர்ந்து அவரைப் பிடித்துக் கொடுத்தனர். தொழுகையில் இருந்தபோது பிடிபட்டார் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. 1764 அக்டோபர் 15இல் மதுரை அருகே தூக்கிலிடப்பட்டார். மாண்ட பின்னும் அவருக்கு அஞ்சியதாலன்றோ உடலைக் கூறுபோட்டுப் பல ஊர்களுக்கு அனுப்பினர்!

சிந்தியுங்கள்!

கார்த்தேஜ் தன் வீரர்களின் கூலியை மறுத்தது. கும்பெனி தன் தளபதியின் உழைப்பை மறந்தது. இரண்டிலும் நோய் ஒன்றே: பணி முடியும்வரை போற்றுவது, முடிந்தபின் கைவிடுவது. உழைத்தவரின் கூலியை உரிய வேளையில் கொடுக்குமாறு நம் மார்க்கம் வலியுறுத்துவதை நாம் அறிவோம். அது அரசுகளுக்கு மட்டுமன்று. நம் கடையிலும் தோட்டத்திலும் வீட்டிலும் உழைப்போர் விஷயத்தில் நமக்கும் பொருந்தும்.

அடுத்த முறை பெரியகுளத்தைக் கடக்கும்போது, பிள்ளைகளுக்குக் கான்சாகிபின் வரலாற்றைச் சொல்லுங்கள்.